ஈரான் பஹாய்களுக்காக ரொறன்ரோவிலிருந்து எழுதிய கடிதங்கள்

"இவ்வளவு காலமா கடிதம் எழுதி என்னத்தைக் கிழிச்சனீங்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். "நல்ல விசயம், நல்ல விசயம்" என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர்களோடு மேற்கொண்டு கதைக்க ஒன்றும் இருப்பதில்லை. ஈரானில் பஹாய் மதத்தைப் பின்பற்றுகிறார்கள் என்பதற்காகச் சிறையில் போடப்பட்டவர்களுக்காக, நாங்கள் ஒரு சின்னக் கூட்டம் ரொறன்ரோவில் கடிதம், மனு, எம்.பி. சந்திப்பு என்று பல வருடமாக அலைகிறோம். நான் பஹாய் இல்லை. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், ஸ்காபரோவில் கணக்கெழுதிப் பிழைப்பு. இந்த வேலையில் எது உதவியது, எது வெறும் நேரச் செலவு, எது யாரையாவது ஆபத்தில் தள்ளியிருக்கும் என்பதை எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன். வேறு மதத்தவருக்காக, வேறு நாட்டுக்காக இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்கும் பாதியாவது பொருந்தும்.

நான் இதற்குள் வந்தது ஒரு வேலைத்தலச் சிநேகிதியால். ஈரானியப் பெண், உளவியல் படித்தவர். அவர் படித்த பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் கிடையாது. முதலில் எனக்கு விளங்கவே இல்லை. பிறகு மதியச் சாப்பாட்டு நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அங்கே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதுகிற பஹாய்ப் பிள்ளைகளில் கனபேருக்குப் பெறுபேறு வருவதில்லை, "உங்கள் கோப்பு முழுமையாக இல்லை" என்ற ஒரு வரிதான் வரும். தப்பித் தவறி உள்ளே போனாலும் பஹாய் என்று தெரிந்த அன்றே வெளியே. அதனால் 1987 இல் அவர்களே ஒரு உயர்கல்வி நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட விரிவுரையாளர்கள் வீடுகளில் வகுப்பு எடுத்தார்கள், பாடங்கள் தபாலில் போயின, யாரோ ஒருவருடைய குசினி ஆய்வுகூடமானது. 1998 இல் நாடு முழுக்க 500 க்கும் மேற்பட்ட வீடுகளில் தேடுதல் நடத்தி புத்தகம், கணினி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். 2011 மே மாதம் திரும்பவும். அந்த முறை பிடிபட்ட விரிவுரையாளர்களில் சிலருக்கு நாலைந்து வருடச் சிறை. படிப்பித்ததற்கு.

யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் கதைப்பதைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது வேற்றுக்கிரகக் கதையாகத் தெரியவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பஹாய் மதம் 19ஆம் நூற்றாண்டில் ஈரானில் தோன்றியது. அங்கே இன்று ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர், முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினரில் இவர்கள்தான் பெரிய கூட்டம். ஆனால் ஈரான் அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு சோராஸ்திரியர், யூதர், கிறிஸ்தவர் ஆகிய மூவரை மட்டுமே மதச் சிறுபான்மையாக ஏற்கிறது. 1979 புரட்சிக்குப் பிறகு 200 க்கும் மேற்பட்ட பஹாய்கள் கொல்லப்பட்டார்கள். 1983 யூன் 18 அன்று ஷிராஸ் நகரில் பத்துப் பெண்களை ஒரே இரவில் தூக்கிலிட்டார்கள். அவர்களில் மோனா மஹ்மூத்நெஜாத் என்ற பிள்ளைக்கு 17 வயது. பிள்ளைகளுக்கு மதவகுப்பு எடுத்ததும் அவள்மீது சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். வெளிநாட்டுச் சத்தத்தால் என்ன பயன்? 1985 இலிருந்து ஐ.நா. பொதுச்சபையின் ஈரான் தீர்மானங்களில் பஹாய்களின் பெயர் வரத் தொடங்கியது. தூக்குத்தண்டனைகள் அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் பெரிதும் குறைந்தன. 1998 இல் மஷ்ஹத்தில் ஒருவரைத் தூக்கிலிட்டபோது உலகம் முழுக்க எழுந்த கண்டனத்துக்குப் பிறகு அரசு அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் 1991 இலேயே அதியுயர் தலைவரின் ஒப்புதலோடு ஒரு இரகசியச் சுற்றறிக்கை எழுதப்பட்டிருந்தது: பஹாய்களின் முன்னேற்றத்தையும் வளர்ச்சியையும் தடுக்கும் விதத்தில் அவர்களைக் கையாள வேண்டும், பல்கலைக்கழகத்தில் பஹாய் என்று தெரிந்தால் வெளியேற்ற வேண்டும், பஹாய் என்று சொன்னால் வேலை கொடுக்கக் கூடாது. 1993 இல் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி ரெய்னால்டோ காலிண்டோ போல் அதை வெளியே கொண்டுவந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: உலகம் பார்த்துக்கொண்டிருந்தபடியால் கயிறு கழன்றது, ஆனால் கழுத்தை நெரிக்கிற கை எடுபடவில்லை, யாரும் படம் பிடிக்க முடியாத விதமாக நெரிக்கப் பழகிக்கொண்டது. கடை சீல் வைப்பது, இடுகாட்டைத் தோண்டுவது, காணியைப் பறிப்பது, "கோப்பு முழுமையாக இல்லை". தூக்குமேடைக்கு எதிராகச் சனத்தைத் திரட்டுவது சுலபம். ஒரு வரிக் கடிதத்துக்கு எதிராகத் திரட்டுவது கஷ்டம். எங்கள் வேலையில் பாதி அந்தக் கஷ்டம்தான்.

நான் சேர்ந்த காலத்தில் எல்லோரும் ஏழு பேரைப் பற்றித்தான் கதைத்தார்கள். பஹாய்களுக்குக் குருமார் இல்லை, தெரிவுசெய்யப்பட்ட சபைகள்தான். ஈரானில் அந்தச் சபைகளைத் தடை செய்துவிட்டதால், சமூகத்தின் அன்றாடக் காரியங்களைப் பார்க்க அரசுக்கும் தெரிந்தபடியே ஏழு பேர் இருந்தார்கள். மஹ்வாஷ் சாபெத்தை 2008 மார்ச்சிலும் மற்ற ஆறு பேரை மே மாதத்திலும் பிடித்தார்கள். ஃபாரிபா கமாலாபாதி, ஜமாலுத்தீன் கான்ஜானி, அஃபீஃப் நயீமி, சயீத் ரெஸாயி, பெஹ்ரூஸ் தவக்கோலி, வஹீத் தீஸ்ஃபாஹ்ம். இந்தப் பெயர்களை நான் இன்றும் பார்க்காமல் சொல்வேன். 2010 இல் 20 வருடத் தண்டனை, பிறகு அது 10 ஆனது. அவர்களுக்காக வாதாட முன்வந்த ஷிரின் எபாதிக்குக் கொலை மிரட்டல் வந்தது. அவர் நோபல் பரிசு பெற்றவர், அதனால் அது உலகச் செய்தியானது.

சரி, வேலைக்கு வருகிறேன். எதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஆளைப் பற்றிச் சத்தம் போடலாமா? சில குடும்பங்கள் சத்தம் வேண்டும் என்பார்கள், சில குடும்பங்கள் "இப்ப வேண்டாம், பிணை மனு நடக்குது" என்பார்கள். அதைத் தீர்மானிக்க எங்களுக்கு உரிமை இல்லை. நியூயோர்க்கிலும் ஜெனீவாவிலும் இருக்கிற பஹாய் சர்வதேச சமூகத்தின் அலுவலகங்கள் பகிரங்கமாக வெளியிட்ட பெயர்களை மட்டும்தான் நாங்கள் எடுப்போம். அவர்கள் வெளியிடாத பெயர் வாட்ஸ்அப்பில் வந்தால், அது எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், எங்களோடு அப்படியே நின்றுவிடும், வெளியே போகாது.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. பஹாய்கள் கட்சி அரசியலில் கலப்பதில்லை, அது அவர்களுடைய மதக் கொள்கை. ஆட்சியைக் கவிழ்க்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். ரொறன்ரோவில் ஈரானியர்களின் ஊர்வலம் என்றால் யங் வீதி நிறையும். 2022 ஒக்டோபரில் ரிச்மண்ட் ஹில்லில் வந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது, நானும் போய் நின்றிருக்கிறேன். ஆனால் அங்கே போகும்போது ஃபாரிபாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று என் சிநேகிதி மிகத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "அந்தப் படத்துக்குப் பின்னால் என்ன கொடி நிற்கிறது என்பதைத்தான் விசாரணை அதிகாரி பார்ப்பான்." உங்கள் கொள்கைக்கு உங்கள் பெயரில் நில்லுங்கள். சிறையில் இருப்பவருக்காக நிற்கும்போது அவர் கேட்டதை மட்டும் கேளுங்கள். இது பலருக்குக் கசக்கிறது. எங்கள் குழுவிலிருந்து இந்த விசயத்தில் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை.

அடுத்தது, குற்றச்சாட்டைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது. அநேகமாக எல்லா வழக்கிலும் வருவது "இஸ்ரேலுக்கு உளவு" அல்லது "அரசுக்கு எதிரான பிரசாரம்". பஹாய்களின் உலக மையம் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருப்பதுதான் இதற்குச் சொல்லும் ஆதாரம். மனுவை நீட்டினால் பத்தில் இரண்டு பேராவது "ஏன் அங்க போய் வைச்சவை?" என்று கேட்பார்கள். அவர்களாகப் போய் வைக்கவில்லை. மதத்தை நிறுவிய பஹாவுல்லாவை ஒட்டோமான் துருக்கி அரசு 1868 இல் கைதியாக, ஹைஃபாவுக்குப் பக்கத்திலுள்ள அக்கா கோட்டைக்குக் கொண்டுவந்தது. அவர் அங்கேயே இறந்தார், அங்கேயே அடக்கம். இஸ்ரேல் என்ற நாடு உருவானது 1948 இல். இந்த நாலு வசனத்தையும் திக்காமல் சொல்லத் தெரியாதவர் மனுவோடு வாசலில் நிற்கக் கூடாது என்று நாங்கள் ஒரு விதியே வைத்தோம்.

கடிதம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. கனடா 2012 செப்டெம்பரில் தெஹ்ரானிலுள்ள தூதரகத்தை மூடி ஈரானியத் தூதரக ஆட்களையும் அனுப்பிவிட்டது. ஆகவே ஒட்டாவாவில் கடிதம் கொடுக்க வாசல் இல்லை. மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டியின் அவசர நடவடிக்கைக் குறிப்புகளில் வரும் முகவரிதான் கைகொடுக்கும், பெரும்பாலும் நீதித்துறைத் தலைவருக்கு, வேறு நாட்டிலுள்ள ஈரானியத் தூதரகம் வழியாக. முகவரியும் பதவியில் இருக்கிற ஆளும் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும். பழைய தலைவர் பெயருக்கு எழுதிய கடிதம் எழுதியவரின் அக்கறையின்மையைத்தான் காட்டும்.

ஒரு பக்கம். ஒரு ஆள். ஒரு கோரிக்கை. "எல்லா பஹாய்களையும் விடுதலை செய்" என்று எழுதுவது எங்களுக்குத் திருப்தி தரும், அவ்வளவுதான். "எவின் சிறையில் இருக்கும் இன்னாருக்கு இதய மருத்துவரைப் பார்க்க அனுமதி கொடுங்கள்" என்பது ஒரு அதிகாரி செய்யக்கூடிய காரியம். யாரையும் அவமதிக்கக் கூடாது, மதத்தைத் தொடவே கூடாது. இஸ்லாத்தைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் கடிதத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்வோம். அவர்களுடைய சட்டத்தையே எடுத்துக் காட்டுவது நல்லது: ஈரான் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு, ஒருவருடைய நம்பிக்கையை விசாரிப்பதையும் அதற்காக அவரைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. குடிசார் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை ஈரான் 1975 இல் ஏற்றது, அதன் 18ஆம் உறுப்புரை மத சுதந்திரம். இந்த இரண்டு எண்களும் இருந்தால் போதும். எங்கள் மாதிரிக் கடிதம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"மாண்புமிகு ஐயா, இன்ன திகதியில் இன்ன நகரில் கைது செய்யப்பட்டு, இன்ன சிறையில் இருக்கும் இன்னாரைப் பற்றி எழுதுகிறேன். அவருக்கு வயது இத்தனை. அவருக்கு மருத்துவர் பரிந்துரைத்த சிகிச்சை இன்னும் கிடைக்கவில்லை என அறிகிறேன். தங்கள் நாட்டு அரசியலமைப்பின் 23ஆம் பிரிவின்படி அவரை விடுதலை செய்யுமாறும், அதுவரை சிறைக்கு வெளியே சிகிச்சை பெற அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"பணிவுடன்" என்று எழுதக் கை கூசும். எனக்கும் கூசியது, இப்போதும் கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

பெயர்களுக்கு ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். பாரசீகப் பெயர் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்படும். ஒரு எம்.பி. ஒரு விதமாகவும் ஒரு பத்திரிகை இன்னொரு விதமாகவும் எழுதினால் இரண்டு கைதிகள் மாதிரி ஆகிவிடும். நான் தொழிலில் கணக்குக்காரி என்பதால் எனக்கு விழுந்த வேலை இதுதான்: பெயர் பாரசீக எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரே ஒரு வடிவம், கைதான திகதி, தண்டனை, சிறை, உடல்நிலை, கடைசியாக எப்போது எந்த இடத்திலிருந்து உறுதி செய்யப்பட்டது. அந்தக் கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தால் அந்த வரியை வெளியே விடுவதில்லை. ஒரு முறை தெரிந்தவர் ஒருவர், இடிக்கப்பட்ட வீட்டின் படம் ஒன்றை "நேற்று நடந்தது" என்று பரப்பினார். அது பல வருடம் பழைய படம். உண்மையிலேயே 2022 ஓகஸ்டில் மாஸந்தரான் மாகாணத்து ரோஷன்கூஹ் கிராமத்தில் பஹாய்களின் ஆறு வீடுகளை இடித்திருந்தார்கள், அந்தப் படங்கள் வெளிவந்திருந்தன. ஒரு பழைய படத்தால், உண்மையான படங்களையும் "பொய்" என்று சொல்ல வழி பிறக்கிறது.

எம்.பி.யிடம் போவது பற்றி. ஒட்டாவாவிலுள்ள பாராளுமன்ற முகவரிக்கு அனுப்பும் கடிதத்துக்கு முத்திரை தேவையில்லை, இது கனபேருக்குத் தெரியாது. ஆனால் தொகுதி அலுவலகத்தில் நேரே போய்க் கதைப்பதற்கு ஈடில்லை. எம்.பி.யே வர வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், அங்கே கோப்புப் பார்க்கிற உதவியாளர்தான் முக்கியம். பெரும்பாலும் இருபத்தைந்து வயதுப் பிள்ளையாக இருக்கும், எம்.பி. தோற்றாலும் அந்தப் பிள்ளை வேறு அலுவலகத்தில் இருக்கும். அரைப் பக்கக் குறிப்பும் ஒரு வேண்டுகோளும் போதும். நாங்கள் அதிகம் கேட்டது கைதி ஒருவரைத் "தத்தெடுப்பது". முன்னாள் நீதி அமைச்சர் இர்வின் கொட்லர் எம்.பி.யாக இருந்தபோது, மே மாதத்தில் ஈரான் பொறுப்புக்கூறல் வாரம் என்று தொடங்கி, எல்லாக் கட்சி எம்.பி.க்களும் ஆளுக்கு ஒரு அரசியல் கைதியைப் பொறுப்பேற்று அவர் பெயரைச் சபையில் எழுப்பும்படி செய்தார். எல்லாக் கட்சியும் என்பது முக்கியம். ஒரு கட்சியின் பிள்ளையாகிவிட்ட கைதியை மற்றக் கட்சி திரும்பிப் பார்க்காது.

மனு என்றால் இணையத்தில் நாலு சொடுக்கில் கையெழுத்து வாங்கும் மனுக்களை நம்ப வேண்டாம். கனடாப் பாராளுமன்றத்துக்குக் காகித மனு கொடுக்க 25 கையெழுத்துப் போதும், பாராளுமன்றத்தின் சொந்தத் தளத்தில் போடும் மின்மனுவுக்கு 500 வேண்டும். ஒரு எம்.பி. அதைச் சபையில் சமர்ப்பித்தால் அரசாங்கம் 45 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் அநேகமாக வழக்கமான பூசி மெழுகல்தான். ஆனால் அது அரசின் கையெழுத்தோடு வருகிறது. அடுத்த முறை அமைச்சரிடம் "போன வருடம் நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று காட்ட முடியும். காகிதத்தில் போட்ட மூலக் கையெழுத்துத்தான் செல்லும், நகல் செல்லாது, ஒவ்வொரு தாளிலும் மனுவின் விடயம் இருக்க வேண்டும். இதையெல்லாம் முதலிலேயே பாராளுமன்றத்தில் மனுக்களுக்குப் பொறுப்பான அலுவலரிடம் காட்டிச் சரிபார்த்துவிடலாம்.

அந்த 25 ஐ எங்கே வாங்குவது? நான் எங்கள் ஆட்களிடம்தான் போனேன். ஒரு சமூக மண்டபத்தில் நிகழ்ச்சி முடிந்து சனம் வெளியே வரும் நேரம். ஒரு பெரியவர் தாளை முழுக்க வாசித்துவிட்டுக் கேட்டார்:

"எங்கட பிள்ளையள் காணாமப் போனப்ப இந்த ஈரான்காரர் ஆராவது வந்து கையெழுத்து வைச்சவையே, பிள்ளை?"

"தெரியாது ஐயா. ஆனா எங்களுக்காக அம்னெஸ்டி கடிதம் எழுதினவையில எங்கட நாடு எங்க இருக்கெண்டே தெரியாத சனம் கனக்க இருந்தது."

"அவை எழுதித் திரும்பி வந்தவன் ஆர்?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இருக்கவும் இல்லை. அவர் கையெழுத்து வைக்காமல் தாளைத் திருப்பித் தந்தார். பின்னால் நின்ற மருமகள் வாங்கி வைத்தார், வைத்துவிட்டு "மாமா, கார் சாவி" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார். இப்படியான இடங்களில் விவாதிக்க நிற்காதீர்கள். அவருடைய கேள்வி நியாயமானது, அது உங்கள் மனுவை விடப் பெரிய கேள்வி.

ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வசதி இருக்கிறது: மார்ச் மாதம் ஜெனீவா என்றால் என்ன என்று பாடம் எடுக்கத் தேவையில்லை. ஈரானுக்கும் அதே ஐ.நா. மனித உரிமைப் பேரவைதான், அங்கே சிறப்பு அறிக்கையாளர் அறிக்கை வைப்பார். மாலைதீவின் அஹமத் ஷஹீத், பாகிஸ்தானின் அஸ்மா ஜஹாங்கீர், அவருக்குப் பின் ஜாவைத் ரெஹ்மான், இப்போது மாய் சாட்டோ. இலையுதிர்காலத்தில் நியூயோர்க். ஈரான் பற்றிய பொதுச்சபைத் தீர்மானத்தை 2003 இலிருந்து முன்னெடுப்பது கனடாதான். புகைப்படக்காரி ஸஹ்ரா கசெமி எவினில் அடிபட்டு இறந்த வருடம் அது, அவர் கனடாப் பிரஜை. நவம்பரில், பொதுச்சபையில் மனித உரிமை விடயங்களைப் பார்க்கும் மூன்றாம் குழுவில் வாக்கெடுப்பு. ஒக்டோபரில் எழுதும் கடிதத்துக்கு ஏப்ரலில் எழுதுவதை விடப் பலன் அதிகம் என்பது இதனால்தான். இந்தியா இதில் பெரும்பாலும் எதிர்த்தே வாக்களித்து வந்திருக்கிறது. தில்லியில் எல்லோரும் போய்ப் படம் எடுக்கும் தாமரைக் கோவில் பஹாய்களுடையது, அதை வடிவமைத்தவர் ஈரானில் பிறந்த பஹாய். இந்தியாவில் இருக்கிறவர்கள் தங்கள் எம்.பி.யிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஈரானுக்குள் இருக்கிறவரை நீங்களாகத் தொடர்புகொள்ளாதீர்கள், "உங்களுக்காக எழுதுகிறோம்" என்று செய்தி அனுப்பாதீர்கள். அந்தச் செய்தியே வழக்கில் ஆதாரமாகலாம். காசு அனுப்பவே வேண்டாம். உறவினர்களை முகநூலில் குறிக்க வேண்டாம். அங்கே தாய் தகப்பன் இருக்கிறவர்களை மனுவின் முதல் பெயராகப் போட வேண்டாம், அந்த இடத்துக்குத்தான் என்னைப் போல அங்கே ஒருவரும் இல்லாதவர்கள் தேவை. எங்கள் மனுக்களில் தமிழ்ப் பெயர்கள் மேலே நின்றதற்குக் காரணம் இதுதான், யாரும் பெருமைப்பட வேண்டியதில்லை.

வெளியிலிருந்து கத்துவதால்தான் எல்லாம் மாறும் என்று நினைப்பதும் பிழை. 2008 இல் பெரிய ஆயத்துல்லாவான மொந்தசெரி, பஹாய்களுக்கும் குடிமக்களுக்குரிய உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். 2014 இல் மசூமி தெஹ்ரானி என்ற மதகுரு பஹாய் வேதவரிகளைத் தன் கையால் அழகெழுத்தில் எழுதி அவர்களுக்கே பரிசளித்தார். 2016 இல் ஃபாரிபா சிறையிலிருந்து சில நாள் விடுப்பில் வந்தபோது, முன்னாள் ஜனாதிபதி ரஃப்சஞ்சானியின் மகள் ஃபாயெஸெ ஹாஷெமி வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். இருவரும் எவினில் ஒன்றாக இருந்தவர்கள். அந்த ஒரு படம் ஈரானுக்குள் கிளப்பிய புயலை எங்களுடைய பத்து வருடக் கடிதங்கள் கிளப்பியிருக்காது. அந்தச் சந்திப்பைத் தாக்கி வந்த அறிக்கைகளே அதற்குச் சாட்சி. எங்களால் செய்ய முடிந்தது, அந்தச் செய்திகளை ஆங்கிலத்தில் எம்.பி.க்களிடம் கொண்டுபோய், "பாருங்கள், இது மேற்கு நாடு எதிர் முஸ்லிம் நாடு என்ற கதை இல்லை" என்று காட்டியது. அது நன்றாக எடுபட்டது.

வேறு கதவுகளையும் தட்டுங்கள். மஹ்வாஷ் சாபெத் சிறையில் எழுதிய கவிதைகள் துண்டுக் கடதாசிகளில் வெளியே வந்து 2013 இல் ஆங்கிலத்தில் வெளியாகின. 2017 இல் எழுத்தாளர்களுக்கான பென் அமைப்பின் துணிவுமிக்க எழுத்தாளர் விருது அவருக்குக் கிடைத்தது. அரசியல் என்றால் ஒதுங்கும் நூலகங்கள், கவிதை வாசிப்பு என்றால் மண்டபத்தைத் தருகின்றன. அதேபோல வீட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை ஏற்று மேற்படிப்புக்கு எடுக்கும்படி பல்கலைக்கழகப் பதிவாளர்களுக்கு எழுதியது. உலகில் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, கனடாவிலும். என்னைக் கேட்டால், நாங்கள் செய்ததில் கையில் பிடித்துக் காட்டக்கூடிய பலன் இந்த வகை வேலையில்தான் அதிகம். ஒரு பதிவாளர் சம்மதித்தால் ஒரு பிள்ளை வகுப்பில் உட்காருகிறது. நீதித்துறைத் தலைவரின் சம்மதத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

விடுதலை பற்றியும் சொல்ல வேண்டும். ஏழு பேரும் 2017 செப்டெம்பருக்கும் 2018 டிசம்பருக்கும் இடையில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், ஏறக்குறையப் பத்து வருடத்தையும் முழுதாகக் கழித்துவிட்டு. எங்கள் குழுவில் பாதிப் பேர் அத்தோடு கலைந்தார்கள். 2022 யூலை 31 அன்று மஹ்வாஷையும் ஃபாரிபாவையும் திரும்பப் பிடித்து இன்னும் பத்து வருடம் தீர்த்தார்கள். 2023 ஓகஸ்டில், 90 வயதான கான்ஜானியையும் மகளோடு கொண்டுபோய்ச் சில நாள் வைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில் மஹ்வாஷுக்குத் திறந்த இதய அறுவைச் சிகிச்சை. அந்த வருடம் ஏப்ரலில் ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் அமைப்பு, பஹாய்களுக்கு நடப்பது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று அறிக்கை வெளியிட்டது. அதற்கு ஆதாரமாக எடுத்ததில் பெரும்பகுதி இப்படி வருடக்கணக்காகச் சேர்ந்த கைதுப் பதிவுகள், தீர்ப்புகள், சீல் வைத்த கடைகள், "கோப்பு முழுமையாக இல்லை" கடிதங்கள்.

ஆகவே ஒருவர் விடுதலையானதும் அட்டவணையில் அவர் வரியை அழிக்காதீர்கள். "விடுதலை" என்று திகதி போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதற்கு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தத்தெடுத்த எம்.பி.யின் அலுவலகத்துக்கும் அந்தத் திகதியை அனுப்புங்கள். உதவியாளர் மாறியிருந்தால் புது ஆளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.